அனுமன் உப்புக்கொத்தி: மூன்றாவது பெயரில் நூறு வருஷம்

கரைப்பறவைகளைப் பார்க்க ஆரம்பிக்கிற எல்லாருக்கும் முதல் ஒன்றிரண்டு வருஷம் ஒரே தலைவலிதான். சேற்றில் நூறு பறவை நிற்கும். நூறும் மேலே பழுப்பு, கீழே வெள்ளை. கையேட்டைத் திறந்தால் அதில் இருக்கிற படமும் மேலே பழுப்பு, கீழே வெள்ளை. கொக்கு, நாரை, பூநாரை என்று பெரிய பறவைகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் தோன்றும்.

கொஞ்சம் பொறுமை இருந்தால் கூட்டம் மெல்லப் பிரிய ஆரம்பிக்கும். மெல்லிய அலகை ஓயாமல் சேற்றில் குத்திக்கொண்டே இருந்தால் உள்ளான் வகை. நாலடி ஓடி, சட்டென்று நின்று, பார்த்து, ஒரே கொத்து கொத்திவிட்டு மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி வகை. உப்புக்கொத்திகளிலும் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் மஞ்சள் கலந்த காலும் இருந்தால் அது பட்டாணி உப்புக்கொத்தி. கழுத்துக்குப் பின்னால் வெள்ளைப் பட்டை இல்லாவிட்டால் மணல் உப்புக்கொத்திகள் பக்கம் போகணும். வெள்ளைப் பட்டை இருந்து, கால் கறுத்து, மார்புப் பட்டை நடுவில் அறுந்து இரண்டு பக்கமும் துண்டாக நின்றால் அது கென்டிஷ் உப்புக்கொத்தி. சமீப காலம் வரை இத்தோடு வேலை முடிந்துவிடும். குறிப்பேட்டில் பெயரை எழுதிவிட்டு அடுத்த பறவைக்குப் போய்விடலாம்.

2023இல் 'ஐபிஸ்' என்ற பறவையியல் இதழில் வந்த ஒரு கட்டுரை அந்தப் பெயரை இரண்டாகப் பிரித்தது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வருஷம் முழுவதும் தங்கி முட்டையிடுகிற சின்ன உப்புக்கொத்தி தனி இனம் என்று அது சொன்னது. ஆதாம் பாலம் என்றும் ராமர் பாலம் என்றும் சொல்கிறோமே, அந்தத் திட்டுகளை ஒட்டிய பகுதிப் பறவை என்பதால் ஆங்கிலத்தில் அனுமன் பெயரை வைத்தார்கள். தமிழில் அனுமன் உப்புக்கொத்தி என்றே சொல்லலாம்.

செய்தித்தாள்களில் இது 'புதிய பறவை கண்டுபிடிப்பு' என்கிற தோரணையில் வந்தது. பறவையும் புதுசில்லை, பெயரும் புதுசில்லை. அறிவியல் பெயரில் இருக்கிற 'சீபோமி' என்ற சொல் 1915இல் வைத்தது. நூற்றெட்டு வருஷம் அந்தப் பெயர் என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் என்னை இழுத்த கேள்வி.

முதலில் பழைய பெயரின் கதை. கென்டிஷ் உப்புக்கொத்திக்கு லின்னேயஸ் 1758இல் வைத்த அறிவியல் பெயர் 'அலெக்சாண்ட்ரினஸ்', எகிப்தின் அலெக்சாண்டிரியாவை வைத்து வந்தது. எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் போய் செடியும் பறவையும் சேகரித்த அவருடைய மாணவர் ஹாசல்குவிஸ்ட் ஊர் திரும்பாமலே 1752இல் ஸ்மிர்னாவில் இறந்துபோனார். அவருடைய குறிப்புகளிலிருந்துதான் இந்தப் பறவை லின்னேயஸின் பட்டியலுக்கு வந்தது. 'கென்டிஷ்' என்ற ஆங்கிலப் பெயரை வைத்தவர் ஜான் லேதம். இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுட்ட பறவைகளைப் பார்த்து வைத்தது. இன்றைக்கு கென்டில் அது கூடு கட்டுவதில்லை. ஆக, எகிப்தில் தொடங்கி, இங்கிலாந்தின் ஒரு மாவட்டப் பெயரை மாட்டிக்கொண்ட பறவை அது. அந்தப் பெயரின் கீழ்தான் மன்னாரில் முட்டையிடுகிற பறவையையும் நாம் எழுதிக்கொண்டிருந்தோம்.

1915க்கு வருவோம். அந்த வருஷம் அதே 'ஐபிஸ்' இதழில் கரைப்பறவைகளைப் பற்றிய சில குறிப்புகளை இரண்டு பேர் சேர்ந்து எழுதினார்கள். முதல் பெயர் எர்ன்ஸ்ட் ஹார்டர்ட். ஜெர்மானியர். லண்டனுக்கு வெளியே ட்ரிங் என்ற ஊரில் வால்டர் ராத்ஸ்சைல்ட் வைத்திருந்த பெரிய தனியார் அருங்காட்சியகத்தில் பறவைப் பிரிவைக் கவனித்தவர். இரண்டாவது பெயர் ஏ. சி. ஜாக்சன்.

இலங்கைப் பறவைகள் வடக்கே இருக்கிறவற்றைவிடச் சின்னவை, அவற்றுக்குத் தனிப் பெயர் வேண்டும் என்பது அவர்கள் முடிவு. ஹென்றி சீபோம் நினைவாகப் பெயர் வைத்தார்கள். சீபோம் ஷெஃபீல்டு நகரத்து எஃகு உற்பத்தியாளர். தொழிலில் சம்பாதித்த காசை வைத்துக்கொண்டு சைபீரியா வரை போய்ப் பறவை பார்த்தவர். உப்புக்கொத்தி, உள்ளான் குடும்பங்கள் உலகில் எங்கெங்கே பரவியிருக்கின்றன என்று 1880களின் கடைசியில் ஒரு கனமான புத்தகமே போட்டார். 1895இல் இறந்தார். வேறு பிழைப்பு பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு, அதனால் இந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும்.

பெயருக்கு ஆதாரமாகக் காட்டிய ஊர் அரிப்பு. மன்னாருக்குத் தெற்கே, அருவி ஆறு கடலில் விழுகிற இடத்தை ஒட்டிய ஊர். முத்துக்குளிப்பு வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். பிரிட்டிஷ் இலங்கையின் முதல் ஆளுநர் ஃபிரெடரிக் நார்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை பார்க்க அங்கே கடலோரத்தில் ஒரு மாளிகை கட்டினார். அதன் இடிபாடுகளை ஊர் மக்கள் அல்லிராணி கோட்டை என்கிறார்கள். முத்துக்குப் பேர்போன கரையிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவான ஒரு பறவையின் தோல் இங்கிலாந்துக்குப் போய், அதன் வழியாக ஒரு அறிவியல் பெயர் பிறந்திருக்கிறது.

இப்போது அந்த இரண்டாவது பெயர். வெறும் தலைப்பெழுத்து இருந்தால் ஆண் என்று நினைத்துவிடுவது வழக்கம். ஏ. சி. ஜாக்சன் ஒரு பெண். ஆனி கான்ஸ்டன்ஸ் ஜாக்சன், 1889இல் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் ராஸ்ஷயரில் ஸ்வோர்டேல் என்ற இடம் அவருடைய குடும்பத்துக்குச் சொந்தம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் விலங்கியல் படித்தார். இந்தக் கட்டுரை வந்தபோது வயது இருபத்தாறு.

அவருடைய சிறப்பு இறகு உதிர்வு. கேட்டால் சாதாரணமாகத் தெரியும், ஆனால் கரைப்பறவை அடையாளத்தில் பாதிச் சிக்கல் இங்கேதான். ஒரே பறவை குஞ்சாக இருக்கும்போது ஒரு உடை, முதல் குளிர்காலத்தில் ஒரு உடை, இனப்பெருக்கக் காலத்தில் ஒரு உடை என்று மாற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் பாதிப் பழசும் பாதிப் புதுசுமாக ஒரு கலவை வேறு. வெயிலிலும் மணலிலும் இறகு தேய்ந்தால் நிறம் வெளுக்கும், இறக்கை நீளம்கூட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறையும். புது இறகுள்ள பறவையையும் தேய்ந்த இறகுள்ள பறவையையும் பக்கத்தில் வைத்து 'இது சின்னது' என்று சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. எந்த இறகு எந்த மாதம் விழும், எந்த வரிசையில் முளைக்கும் என்று தெரிந்தவர்தான் இரண்டு தோல்களை நியாயமாக ஒப்பிட முடியும். ஆனி ஜாக்சன் பிரிட்டனின் கரைப்பறவைகள் அத்தனைக்கும் இந்த வரிசையை எழுதி வைத்தார். 1919 முதல் 1924 வரை வெளிவந்த விதர்பியின் பிரிட்டிஷ் பறவைக் கையேட்டிலும் அவர் உழைப்பு இருக்கிறது.

அப்படியானால் கண்ணுள்ள இரண்டு பேர் 1915லேயே பிரித்துக் காட்டிவிட்டார்களே, பிறகு ஏன் யாருக்கும் தெரியவில்லை? காரணம், பெயர் வைத்த முறை. இனத்தின் பெயர் இரண்டு சொல். அதற்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு சொல்லைச் சேர்த்தால் துணையினம். ஒரே இனம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறுவதை இப்படி மூன்றாம் சொல்லால் குறிக்கணும் என்று பிரிட்டனில் விடாமல் வாதாடியவர் ஹார்டர்ட்தான். அங்கே பழைய ஆட்கள் அதை ரசிக்கவில்லை. ஆனால் அவர் வழிதான் கடைசியில் ஜெயித்தது. அந்த ஏற்பாட்டில் சீபோமியும் கென்டிஷ் உப்புக்கொத்தியின் துணையினமாக உட்கார்ந்தது.

துணையினம் என்றால் பட்டியலில் பெயர் இருக்கும், களத்தில் யாரும் தேடமாட்டார்கள். கையேட்டில் கடைசி வரியில் 'இலங்கையில் சிறிய வடிவம்' என்று ஒரு வாக்கியம் வரும், அவ்வளவுதான். என் தொழில் பாஷையில் சொன்னால், இரண்டு வாடிக்கையாளர்களின் பதிவுகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டு, வித்தியாசத்தை யாரும் திறந்து பார்க்காத 'குறிப்பு' கட்டத்தில் போட்டு வைத்த மாதிரி. தகவல் அழியவில்லை. ஆனால் எந்த எண்ணிக்கையிலும் அது வராது.

கூடவே இன்னொரு பிரச்சனை, குளிர்காலம். வடக்கிலிருந்து கென்டிஷ் உப்புக்கொத்திகள் வலசை வந்து நம் கடற்கரைகளில் இறங்கும். உள்ளூர்ப் பறவையும் விருந்தாளியும் ஒரே சேற்றில், ஏறத்தாழ ஒரே மாதிரியான மங்கிய உடையில் நிற்கும். பறவை பார்க்கிறவர்களும் அந்த மாதங்களில்தான் கிளம்புவோம். கோடியக்கரைக்கு மே மாத வெயிலில் யார் போகிறார்கள்? வேறுபாடு நன்றாகத் தெரியும் காலத்தில் பார்க்க ஆளில்லை, ஆள் வரும் காலத்தில் வேறுபாடு தெரியாது. அருங்காட்சியகத் தோலுக்கும் இதே கதைதான். டிசம்பரில் இலங்கையில் சுட்ட பறவை எந்த ஊர்க்காரன் என்று தோலை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்வது கஷ்டம். ஜூனில் கூட்டுக்குப் பக்கத்தில் எடுத்ததென்றால் சந்தேகமில்லை. ஆக, காலில் கட்டியிருக்கும் துண்டுச் சீட்டின் தேதியும் இடமும் இறகு அளவுக்கு முக்கியம்.

சீட்டு என்றதும் ஆனி ஜாக்சனின் மீதிக் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1921இல் அவர் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகனைக் கல்யாணம் செய்துகொண்டார். ராணுவ அதிகாரி, உளவுத்துறை, சாகசக் கதைகள், கூடவே பெரிய பறவைச் சேகரிப்பு. 1928 ஜூலையில் ஸ்வோர்டேலில், கணவரோடு துப்பாக்கி சுட்டுப் பழகிக்கொண்டிருந்த இடத்தில் தலையில் குண்டு பாய்ந்து ஆனி இறந்தார். வயது 39. மூன்று குழந்தைகள். விபத்து என்று பதிவானது. சந்தேகங்கள் பின்னால் அச்சிலும் வந்தன, ஆனால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. அதற்கு மேல் நான் எதையும் சேர்க்கப் போவதில்லை.

நிரூபணமானது வேறொன்று. மைனர்ட்ஸ்ஹேகன் சேகரிப்பில் ஏராளமான தோல்கள் திருட்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்தே எடுத்து, பழைய சீட்டைக் கழற்றி, தான் இன்ன தேதியில் இன்ன ஊரில் சுட்டதாகப் புதுச்சீட்டு கட்டியிருந்தார். 1990களில் ஆலன் நாக்ஸ், பிறகு பமேலா ராஸ்முசன், ராபர்ட் ப்ரிஸ்-ஜோன்ஸ் ஆகியோர் இதை அம்பலப்படுத்தினார்கள். தோலுக்குள் திணித்த பஞ்சு, தைத்த விதம், எக்ஸ்ரே என்று துப்பறியும் கதை மாதிரி வேலை. நம்ம ஊர் உதாரணமும் உண்டு. காட்டுச் சிற்றாந்தையை 1914இல் குஜராத்தில் சுட்டதாக அவர் எழுதி வைத்திருந்தார். அது 1880களில் ஜேம்ஸ் டேவிட்சன் சேகரித்த தோல். அந்தப் பொய்யான ஊரை ஒதுக்கிவிட்டுப் பழைய உண்மையான ஊர்களின் பக்கம் தேடிய பிறகுதான், 1997 நவம்பரில் மகாராஷ்டிராவில் அந்த ஆந்தை திரும்பக் கிடைத்தது. சீட்டும் தேதியும் சரியாக இருந்தால்தான் அர்த்தம் தருகிற இறகு உதிர்வு ஆராய்ச்சியில் ஆயுளைச் செலவழித்த ஒருவருடைய வீட்டில் இப்படி ஒரு சேகரிப்பு இருந்திருக்கிறது.

சரி, உப்புக்கொத்திக்குத் திரும்புவோம். சீபோமி மறுபடி எழுந்து வர ஒரு வகையில் வழிகாட்டியது அதன் இன்னொரு சொந்தக்காரப் பறவை. ராபர்ட் ஸ்வின்ஹோ கல்கத்தாவில் பிறந்து, சீனாவிலும் தைவானிலும் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்தவர். 1870இல் தென்சீனக் கரையிலிருந்து வெளிறிய முகமுள்ள ஒரு உப்புக்கொத்திக்கு 'டீல்பேட்டஸ்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் சுண்ணாம்பு அடித்தது என்று பொருள். பிறகு வந்தவர்கள் அந்தப் பெயரை கிழக்காசியாவின் சாதாரண கென்டிஷ் உப்புக்கொத்திகளுக்கே ஒட்டிவிட்டார்கள். ஸ்வின்ஹோ பார்த்த பறவை தன் பெயருக்கு அடியிலேயே காணாமல் போனது.

1990களில் சிங்கப்பூரில் பீட்டர் கென்னர்லி எந்தப் புத்தகத்திலும் அடங்காத ஒரு வெள்ளை முக உப்புக்கொத்தியைப் பார்த்தார். 2006இல் மலேசியாவில் டேவிட் பேக்வெல் கண்ணிலும் பட்டது. 2008இல் ஃபிலிப் ரவுண்டும் சேர்ந்து மூன்று பேராக, இது ஸ்வின்ஹோவின் பறவையேதான் என்று எழுதினார்கள். 2011இல் மரபணுவைப் பார்த்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. கண் தனி என்கிறது, மரபணு ஒன்று என்கிறது. கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் 2019இல் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்த ஆய்வில் இரண்டும் தனித்தனி வழியில் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. 2011இல் பார்த்தது மரபணுவின் சில துண்டுகளை மட்டும். பிரிந்து ரொம்ப நாள் ஆகாத இனங்களுக்கு அது போதவில்லை.

அப்படியென்றால் அதே கென்டிஷ் மூட்டைக்குள் இருக்கும் சீபோமி? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது கொழும்புப் பல்கலைக்கழகத்துக் குழு. ஜூட் ஜனித் நிரோஷன் முதல் ஆசிரியர், சம்பத் செனவிரத்ன மூத்த ஆசிரியர். சீனாவிலிருந்து யாங் லியூ, பாத் பல்கலைக்கழகத்திலிருந்து இந்தப் பறவைகளின் குடும்ப வாழ்க்கையையே பல வருஷம் படித்த தமாஷ் செக்கே, ட்ரிங்கிலிருந்து அலெக்ஸ் பாண்ட். ட்ரிங் என்றால் ஹார்டர்ட் வேலை பார்த்த அதே ஊர்தான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைச் சேகரிப்பு இப்போது அங்கேதான் இருக்கிறது.

மன்னாரில் நிதானமாக உட்கார்ந்து கூடு தேடவும் பறவை பிடித்து அளக்கவும் முடிந்ததே 2009க்குப் பிறகு என்பதையும் இங்கே சொல்லணும். அதற்கு முன்னால் கால் நூற்றாண்டுக்கு மேல் அது போர்ப் பகுதி. அங்கே மனிதர்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் ஒரு பறவையின் வகைப்பாடு தாமதமானது பெரிய விஷயமே இல்லை. இருந்தாலும் தாமதத்துக்கு அது ஒரு காரணம்.

முடிவு தெளிவாகவே வந்தது. சீபோமியின் இறக்கை, வால், அலகு எல்லாம் கென்டிஷைவிடக் குட்டை. கால் கறுப்பு. அலகின் அடியிலிருந்து கண் வரைக்கும் கென்டிஷ் ஆணுக்கு ஒரு கறுப்புக் கோடு ஓடும், இதற்கு அந்த இடம் வெளுத்திருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் கென்டிஷ் ஆணின் உச்சந்தலையில் வருகிற செம்பழுப்பும் இதில் அவ்வளவாக இல்லை. மரபணுக் கணக்கு இன்னும் சுவாரசியம். சீபோமி மற்ற இரண்டையும் விட்டுப் பிரிந்தது சுமார் 12 லட்சம் வருஷத்துக்கு முன்னால். கென்டிஷும் வெள்ளை முகமும் ஒன்றையொன்று பிரிந்தது அதற்குப் பிறகுதான். தனி இனம் என்று முதலில் அங்கீகாரம் வாங்கியது வெள்ளை முகம். அதைவிடப் பழைய பிரிவு நம் பக்கத்துக் கரையிலேயே துணையினம் என்ற பெயரில் உட்கார்ந்திருந்தது.

இதனால் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். கென்டிஷ் உப்புக்கொத்தி ஐரோப்பா, வட ஆப்பிரிக்காவிலிருந்து ஜப்பான் வரை பரவிய பறவை. சிவப்புப் பட்டியலில் 'கவலை குறைந்த' இனம். அந்தப் பெரிய எண்ணிக்கைக்குள் இருக்கும் வரை, தென்முனையில் ஒரு சின்னக் கூட்டம் தேய்ந்தாலும் கணக்கில் தெரியாது. அனுமன் உப்புக்கொத்திக்குப் போக வேறு இடமில்லை. திறந்த மணலில், உப்பளக் கரையில், வற்றிய குளத்து ஓரத்தில் குழி பறித்து முட்டை வைக்கும். மணலோடு மணலாக இருக்கும் முட்டை. வண்டிச் சக்கரம், நாய், காக்கை, கடலோரக் கட்டுமானம் எல்லாம் நேராக அதன் மேலேதான் வந்து விழும். தனிப் பெயர் வந்தால்தான் தனியாக எண்ண முடியும்.

பழைய எண்ணிக்கைகளை என்ன செய்வது? கோடியக்கரை சரணாலயம் 1967இல் அறிவிக்கப்பட்டது, 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே பல பத்தாண்டுகளாகக் கரைப்பறவைகளைப் பிடித்து வளையம் போட்டிருக்கிறார்கள், எண்ணியிருக்கிறார்கள். அவற்றில் வரும் 'கென்டிஷ்' எல்லாம் இரண்டும் கலந்த பெயர். இறக்கை அளவும் தேதியும் சேர்த்து எழுதியிருந்தால் ஓரளவு பிரித்துவிடலாம். வெறும் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் இருந்தால் முடியாது. மேல் படிப்புக்குத் தலைப்பு தேடும் விலங்கியல் மாணவர் யாராவது இதைப் படித்தால், இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது என்று சொல்வேன்.

களத்தில் பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. டிசம்பர், ஜனவரியில் நூறு பறவைகளுக்கு நடுவே இரண்டையும் பிரிக்க மல்லுக்கட்ட வேண்டாம், அனுபவசாலிகளே தயங்குகிற வேலை அது. வலசைக் கூட்டம் போன பிறகு, மே, ஜூனில் தனுஷ்கோடி பக்கமோ வேதாரண்யம் உப்பளத்துப் பக்கமோ போனால், ஜோடியாக நின்று கொண்டு உங்களைக் கூட்டிலிருந்து விலக்கப் பார்க்கிற குட்டி உப்புக்கொத்தி எது என்று பாருங்க. கண்ணுக்கு முன்னால் இருக்கும் அந்த இடம் வெள்ளையா, கறுப்பா என்று ஒரு படம் எடுத்து, தேதியோடு பதிவு செய்யுங்க. கூட்டுக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நிற்காதீங்க. வெயிலில் முட்டை வெந்துபோகாமல் இருக்க அது திரும்பி வந்து உட்காரணும்.

இன்னொரு விஷயம். பெயர் இன்னும் ஓயவில்லை. உப்புக்கொத்திகளின் மரபணு உறவை மறுபடி அலசியதில் இந்தக் கூட்டத்தையே பழைய பேரினத்திலிருந்து எடுத்து 'அனரிங்கஸ்' என்ற பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள். அது நியூசிலாந்தில் அலகு வலது பக்கமாக வளைந்த ஒரு விசித்திர உப்புக்கொத்திக்கு வைத்த பெயர். ஆக அனுமன் உப்புக்கொத்தி இப்போது 'அனரிங்கஸ் சீபோமி'. 1915இல் ஹார்டர்ட்டும் ஆனி ஜாக்சனும் எழுதிய மூன்று சொற்களில் மிச்சம் நிற்பது மூன்றாவது மட்டும்தான்.